அரங்கில் ஒலித்த ஆலய இசை

1903ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள். இசையின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள். அன்றுதான் திருத்தந்தை பத்தாம் பயஸ் ஆலய இசையைச் சீர்திருத்தும் நோக்குடன் தம் புகழ்பெற்ற அறிவுறுத்தலை வெளியிட்டார். நாடக மேடையின் பாணி திருவழிபாட்டுக்குள் புகுதல் ஆகாது. பியானோவும் முரசும் போன்ற கருவிகள் ஆலயத்தினுள் ஒலித்தல் ஆகாது. ஊதுகருவிக் குழுவினர் உள்ளே வாசித்தல் ஆகாது என்பன அதன் கட்டளைகளுள் சில. அதற்கு 24 நாட்களுக்குப் பின், டிசம்பர் 16ஆம் நாள், பம்பாய்க் கடற்கரையில் தாஜ்மகால் ஹோட்டல் திறக்கப்பட்டது. இவ்விரண்டு நிகழ்வுகளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் ரோமை நகரின் ஆணை எக்கருவிகளை ஆலய வாயிலுக்கு வெளியே நிறுத்தியதோ, அக்கருவிகளே சில பத்தாண்டுகளில் பம்பாய் ஹோட்டலின் நடனக்கூடத்தில் கொலுவீற்றிருந்தன. அவற்றை வாசித்தோருள் பெரும் பகுதியினர் நம்மவர். ஆலயப் பாடகர் குழுவில் குரல் பழகி வளர்ந்த கத்தோலிக்கர்.

இந்த வரலாற்றை விரிவாகச் சொல்லும் ஆங்கில நூல், நரேஷ் பெர்னாண்டஸ் எழுதி 2012இல் வெளிவந்த ‘தாஜ் மகால் ஃபாக்ஸ்ட்ராட்’. பம்பாயில் ஜாஸ் இசை வேர்விட்ட கதையைச் சுவைபட எடுத்துரைப்பது அந்நூல். இந்தித் திரைப்பட இசைக்கூடங்களின் இசைஞர்களை நேரில் கண்டு பேசி கிரெகரி பூத் 2008இல் வெளியிட்ட நூலும் இதனோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. இரு நூல்களையும் படித்து முடித்த பின் என் உள்ளத்தில் ஒரு வினா தங்கிவிட்டது. அதை எழுப்புவது அந்நூலாசிரியர்களின் பணியன்று. திருஅவையைச் சார்ந்த நம் பணி. இவர்களைப் பற்றி நாம் என்ன தீர்ப்பு வழங்கியிருக்கிறோம்? அத்தீர்ப்பு நேரியதுதானா?

கடல் கடந்து வந்தவர்கள்

1935இல் அமெரிக்கக் கறுப்பின வயலின் கலைஞர் லியோன் ஆபி தம் குழுவுடன் பம்பாய் வந்து தாஜ் ஹோட்டலில் வாசித்தார். முற்றிலும் கறுப்பின இசைஞர்களைக் கொண்ட ஜாஸ் குழு ஒன்று இந்நகரில் நிலையாக வாசித்தது அதுவே முதன்முறை எனப்படுகிறது. அவரைத் தொடர்ந்து ட்ரம்பெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித் குழுவை நடத்தினார். 1936இல் அவருடைய குழு பம்பாயில் பதிவு செய்த இசைத்தட்டின் பெயரே மேற்சொன்ன நூலுக்கும் பெயராயிற்று. பியானோ மேதை டெடி வெதர்ஃபோர்டு சிகாகோவில் பெயர் பெற்று, 1926இல் ஆசியாவுக்குக் கப்பலேறி, ஷாங்காய் நகரில் புகழ் கண்டு, பின்னர் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்தவர். 1945 ஏப்ரலில் கல்கத்தாவில் காலரா நோய்க்கு இரையாகி, 41ஆம் அகவையில் அந்நிய மண்ணிலேயே அடக்கம் பெற்றார்.

இவர்கள் ஏன் இத்தனை தொலைவு வந்தனர்? பிழைப்பு ஒரு காரணம். மற்றொரு காரணம் இன்னும் கசப்பானது. தாய்நாட்டில் நிறத்தின் பெயரால் தனி வாயில், தனி இருக்கை, தனிக் குடியிருப்பு என ஒதுக்கப்பட்ட மக்கள் இவர்கள். தம் இசையைக் கேட்க வருவோரின் உணவகத்தில் தாம் அமர்ந்து உண்ண இயலாத நாட்டை விட்டுப் புறப்பட்டவனுக்குக் கடல் ஒரு விடுதலை வழியாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் வந்து சேர்ந்த இடமும் சமத்துவ பூமியன்று. ஆங்கிலேய ஆட்சியாளரும் குறுநில மன்னரும் பெருவணிகரும் ஆடிக் களித்த கூடம் அது. வெளியே தெருவில் நின்ற பம்பாய்வாசிக்கு அந்த இசையில் பங்கு ஏதும் இல்லை.

இவர்களோடு மேடையேறியும், இவர்கள் சென்றபின் அவர்களது இடத்தை நிரப்பியும் நின்றவர்கள் கோவாக் கத்தோலிக்கர். அவர்களும் அந்நகரில் அயலாரே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கோவா 1961 டிசம்பர் வரை போர்த்துக்கீசிய ஆட்சியில் இருந்தது. பம்பாயில் வாழ்ந்த கோவாக்காரர் சட்டப்படி வேற்று நாட்டுக் குடிகள். தோபி தலாவ் பகுதியில் அவரவர் ஊரார் கூடி நடத்திய ‘கூட்’ எனும் விடுதிகளில், சிறு வாடகைக்கு ஒரு பெட்டி வைக்கும் இடமும் பாய் விரிக்கும் இடமும் கிடைக்கும். ஒவ்வொரு விடுதியிலும் ஒரு சிறு பீடம் உண்டு. மாலையில் செபமாலை ஓத வேண்டும் என்பது விதி. கப்பலில் சமையற்காரராகச் செல்வோரும், வீட்டு வேலை தேடுவோரும், வயலின் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துறங்கும் இசைஞரும் ஒரே பீடத்தின்முன் முழந்தாளிட்டனர்.

இசை எங்கே கற்கப்பட்டது?

மேலை இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் ஆற்றல் இந்தக் கிராமத்து இளைஞர்களுக்கு எங்கிருந்து வந்தது? விடை கோவாவின் பங்குப் பள்ளிகளில் உள்ளது. 16ஆம் நூற்றாண்டு முதல் மறைபரப்பாளர் அங்கு நிறுவிய பள்ளிகளில் மறைக்கல்வியோடு இசைக்கல்வியும் அளிக்கப்பட்டது. ‘மெஸ்த்ரே’ என்று அழைக்கப்பட்ட இசையாசான் சிறுவர்க்குச் சுரம் பாடக் கற்பிப்பார். வயலின் பிடிக்கக் கற்பிப்பார். ஞாயிறு திருப்பலிக்கும் திருநாளுக்கும் பாடகர் குழுவை ஆயத்தம் செய்வார். இலத்தீன் மொழியின் பொருள் முழுதும் விளங்காத சிறுவனுக்கும் நான்கு குரல்களின் இசைவு விளங்கியது. தன் குரல் எங்கே உயர வேண்டும், எங்கே அடங்கி அயலான் குரலுக்கு இடம்விட வேண்டும் என்பதை அவன் ஏழெட்டு வயதிலேயே கற்றுக்கொண்டான்.

அந்தோணி கொன்சால்வஸ் இதற்கு நல்ல சான்று. 1927இல் மஜோர்டா ஊரில் பிறந்தவர். அவர் தந்தை ஆலயப் பாடகர் குழுவின் தலைவர். பதின்பருவத்தில் பம்பாய் சேர்ந்த மகன், திரையிசைக் குழுக்களின் தலைசிறந்த வயலின் கலைஞராகவும் ஆசானாகவும் உயர்ந்தார். பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளர் பியாரேலால் அவரிடம் வயலின் பயின்றவர். ஆல்டோனா ஊரில் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ் ‘சிக் சாக்லேட்’ என்ற மேடைப் பெயர் பூண்டு ட்ரம்பெட் வாசித்தார். 1940களில் தாஜ் ஹோட்டலில் தம் குழுவை நடத்தினார்.

இங்கே திறனாய்வு நோக்கில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஆலயத்தில் கற்ற இசையும் ஜாஸ் இசையும் இலக்கண அளவில் வேறுபட்டவை. கோவா இளைஞன் தாளில் எழுதியதைப் பிழையின்றி வாசிப்பான். ஜாஸ் இசையோ தாளில் எழுதாததை வாசிக்கச் சொல்வது. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அதன் அடியில் ஓடும் சுர அடுக்குகளைக் காவலாக வைத்து, அவ்வேளையில் உள்ளத்தில் எழுவதை வாசிக்க வேண்டும். தாளத்தின் மீது நேராக அமராமல் சற்றே முன்னும் பின்னும் ஊசலாட வேண்டும். சுரத்தையும் அதன் இடத்தில் நிறுத்தாமல் சிறிது வளைத்துத் துயரத்தை உள்ளே இழுக்க வேண்டும். ‘மெஸ்த்ரே’ கற்பித்த ஐந்து கோடுகளில் இந்த வளைவுக்கு அடையாளம் இல்லை. அதனைக் காதால்தான் கற்க வேண்டும். இசைத்தட்டைக் கேட்டும், மேடையில் அருகே நின்றும் நம் இளைஞர் கற்றது இதைத்தான்.

அந்த வளைந்த சுரம் எங்கே பிறந்தது? அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளாயிருந்தோரின் வழிபாட்டுப் பாடல்கள் ஜாஸ் இசையின் ஊற்றுக்கண்களுள் ஒன்று. ஒருவர் முழங்க, மற்றவர் மறுமொழி பாடும் முறை அவர்தம் செபக்கூடங்களிலும் வயல்களிலும் வளர்ந்தது. ஆகவே தாஜ் ஹோட்டலின் மேடையில், குடிப்போரும் ஆடுவோரும் அறியாமலே, இரண்டு வழிபாட்டு மரபுகள் சந்தித்தன: விடுதலைப் பயணத்தைப் பாடிய அடிமைகளின் மரபு ஒன்று, பங்கு ஆலயத்தின் பாடல்மேடை மரபு மற்றொன்று. இச்சந்திப்பே அவ்விசையின் அழகுக்குக் காரணம் என்பது என் துணிபு.

புகழும் அதன் குறையும்

அழகு என்று சொன்னதால் அனைத்தையும் புகழ்ந்துவிட்டேன் என்று எண்ண வேண்டா. அக்காலத்து நடன இசையில் பெரும்பகுதி நகல் இசை. லண்டனிலும் நியூயார்க்கிலும் வெளிவந்த இசைத்தட்டை அப்படியே பெயர்த்து வாசிப்பதே பெருமையாகக் கருதப்பட்டது. சிக் சாக்லேட் ‘இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்’ என்று போற்றப்பட்டார். அப்பட்டத்தில் புகழோடு ஒரு சிறுமையும் கலந்திருக்கிறது. ஒருவரை மற்றொருவரின் நிழல் என்று வாழ்த்துவது அரை வாழ்த்தே. கடந்தகால ஏக்கத்தோடு இவ்வரலாற்றைப் பேசுவோர் பளபளக்கும் தரையையும் வெள்ளை அங்கிகளையும் நினைவுகூர்கின்றனர். இசை எங்கே சொந்தக் குரலைக் கண்டடைந்தது என்ற வினா அந்த ஒளியில் மங்கிவிடுகிறது.

அது கண்டடைந்த இடம் வேறு. விடுதலைக்குப் பின் செல்வரும் ஆங்கிலேயரும் நகரை விட்டு அகன்றனர். 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் ஹோட்டல் கேளிக்கையைச் சுருக்கியது. மேடையை இழந்த இசைஞருக்குத் திரைப்பட இசைக்கூடம் கதவைத் திறந்தது. இசையமைப்பாளர் மெட்டை முணுமுணுப்பார் அல்லது ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டுவார். அதனை இசைக்குறிப்பாக்கி, வயலின்கள் எங்கே வர வேண்டும், ட்ரம்பெட் எங்கே விடை சொல்ல வேண்டும், பாடகி மூச்செடுக்கும் இடைவெளியில் எக்கருவி நுழைய வேண்டும் என்றெல்லாம் வகுத்தெழுதியவர் பெரும்பாலும் கோவாக்காரர். சங்கர்–ஜெய்கிஷன் இரட்டையர்க்கு செபஸ்தியான் டிசூசா இவ்வாறு உழைத்தார். சி. ராம்சந்திரா இசையமைத்த ‘அல்பேலா’ (1951) படத்தின் துள்ளலுக்குப் பின்னால் சிக் சாக்லேட்டின் கை இருக்கிறது. ஃபிராங்க் ஃபெர்னாண்ட் திரையிசைக்கு உழைத்ததோடு நில்லாமல், 1963இலும் 1966இலும் கொங்கணி மொழியில் திரைப்படங்களையும் தயாரித்தார். சர்ச்கேட் பகுதி உணவகங்களில் வாசித்த கிறிஸ் பெரியும், அவர் குழுவில் பாடிய லோர்னாவும் கொங்கணிப் பாடலுக்குப் புதிய உயிர் ஊட்டினர். பயணம் வந்த இசை தாய்மொழி பேசிய வேளை அது. 1930களின் ஃபாக்ஸ்ட்ராட் நடன இசையைவிட இக்கொங்கணிப் பாடல்களையே நான் உயர்வாக மதிப்பேன். முன்னதில் தேர்ச்சி இருக்கிறது. பின்னதில் வாழ்க்கையே இருக்கிறது.

ஆனால் பெயர்? திரையில் இசையமைப்பாளர் பெயர் பெரிதாக வரும். முழுப் பாட்டுக்கும் உடல் கொடுத்தவர் ‘உதவியாளர்’ என்று ஒரு மூலையில் வருவார். பல படங்களில் அதுவும் வராது. அந்தோணி கொன்சால்வஸ் 1958இல் இந்திய சிம்ஃபொனி இசைக்குழு ஒன்றை நிறுவி, பம்பாய் புனித சவேரியார் கல்லூரி முற்றத்தில் இராகங்களையும் மேலை இசைவையும் இணைத்து நிகழ்ச்சி நடத்தினார். லதா மங்கேஷ்கரும் மன்னா டேயும் அதில் பாடினர். இந்தியக் கிறிஸ்தவக் கலைஞர் ஒருவர் தம் இரு மரபுகளையும் ஒருங்கே பலிபீடத்தில் வைத்த நிகழ்ச்சி அது. நாடு அதை நினைவில் வைக்கவில்லை. 1977இல் வெளிவந்த ‘அமர் அக்பர் அந்தோணி’ படத்தில், மாணவர் பியாரேலால் நன்றியோடு ஆசானின் பெயரை ஒரு பாடலில் பதித்தார். நோக்கம் தூயது. திரையிலோ அப்பெயரைத் தாங்கியவன் சாராயக்கடை நடத்தும் கோமாளிக் கத்தோலிக்கன். உயிர்ப்புவிழா முட்டையிலிருந்து வெளிப்பட்டு ஆடுகிறான். சிம்ஃபொனி எழுதியவரின் பெயர் நாட்டுக்கு இவ்வழியாகத்தான் தெரிய வந்தது.

இரண்டு வினாக்களும் ஒரு குழப்பமும்

இனி நம் வினாவுக்கு வருவோம். உலகம் இவர்களது உழைப்பைப் பெயரின்றிப் பயன்படுத்திக்கொண்டது. திருஅவையாகிய நாம் என்ன செய்தோம்? பல இடங்களில் ஐயத்தோடு பார்த்தோம். இரவில் நடனக்கூடத்தில் வாசித்தவன் காலையில் பாடல்மேடை ஏறலாமா என்று புருவம் உயர்த்தினோம். அவனுக்குச் சுரம் கற்பித்தது நாம்தான் என்பதை அவ்வேளையில் மறந்தோம். அவன் பிழைப்பதற்கு நம் பங்குகளில் வழி இருந்ததா என்றும் எண்ணிப் பார்க்கவில்லை.

இவ்விடத்தில் இரண்டு வினாக்களைப் பிரித்தறிய வேண்டும். இந்த இசை பீடத்துக்கு ஏற்றதா என்பது ஒன்று. இந்த இசைஞன் பீடத்துக்கு ஏற்றவனா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடையளிக்கும் உரிமையும் கடமையும் திருஅவைக்கு உண்டு. இசையின்பத்தில் மனம் பாடலின் பொருளை விட்டு நழுவுவதைப் புனித அகுஸ்தினார் தம் வாழ்வு வரலாற்று நூலின் பத்தாம் பகுதியில் கவலையோடு ஆராய்கிறார். ஆயினும் ஆலயத்தில் பாடுவதை அவர் விலக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை விளக்கம் இதனைத் தெளிவாக்கியது. இசை திருவழிபாட்டுச் செயலோடு எவ்வளவு நெருங்கி இணைகிறதோ அவ்வளவுக்கு அது தூயது. கருவி எதுவாயினும், தூய பயன்பாட்டுக்குப் பொருந்துவதாகவோ பொருந்தச் செய்யத்தக்கதாகவோ இருப்பின், உரிய அதிகாரிகளின் இசைவோடு அதனை ஏற்கலாம். ஃபாக்ஸ்ட்ராட் நடன இசை திருப்பலிக்கு ஒவ்வாது என்று கூற இவ்வளவுகோல் ஒன்றே போதும். அதை வாசித்தவனை இழிவுபடுத்த இதில் இடமே இல்லை.

அதே 1963ஆம் ஆண்டில்தான் டியூக் எலிங்டன் தம் புகழ்பெற்ற குழுவுடன் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். பம்பாயிலும் நம் சென்னையிலும் வாசித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1965இல், சான் பிரான்சிஸ்கோ நகரின் ஆங்கிலிக்கப் பேராலயம் ஒன்றில் அவர் தம் முதல் திருவிசை நிகழ்ச்சியை அளித்தார். வாழ்நாள் முழுதும் இரவு விடுதிகளில் வாசித்த முதியவர், இறைவன்முன் தாம் கற்ற வித்தையனைத்தையும் கொண்டுவந்து வைத்தார். டேவ் புரூபெக்கின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1958இல் பம்பாய் வந்து இந்திய இசைஞரோடு கலந்துரையாடிய ஜாஸ் பியானோ கலைஞர் அவர். பின்னாளில் கத்தோலிக்க நிறுவனம் ஒன்றின் வேண்டுகோளுக்கிணங்கத் திருப்பலி இசையொன்றை அமைத்தார். அதில் ஆண்டவர் கற்பித்த செபம் இல்லையே என்று ஒரு குரு சுட்டிக்காட்டினார். கேட்கப்பட்டதை எழுதி முடித்தாயிற்று என்று வாளாவிருந்த கலைஞருக்குச் சில நாளில் கனவில் அச்செபம் இசையோடு கேட்டது. எழுந்து எழுதினார். 1980இல் கத்தோலிக்கத் திருஅவையில் இணைந்தார். மனமாற்றத்துக்கு மறையுரை வழிகோலுவதுண்டு. இவருக்கு வழிகோலியது, இது நம்முடைய வேலையன்று என ஒதுக்காமல் ஓர் இசைஞரின் உழைப்பைக் கூர்ந்து கவனித்த ஒரு குருவின் சொல்.

நம் வாயிலில்

வாசக அன்பர்களே, பம்பாயின் கதையை நம் பங்குகளிலிருந்து தொலைவானதாக நான் எழுதவில்லை. குருவான புதிதில் நான் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஊரில், ஞாயிறு திருப்பலிக்கு கீபோர்டு வாசித்த இளைஞர் ஒருவர் இருந்தார். திருமண மண்டபங்களில் மெல்லிசைக் குழுவோடு வாசிப்பதே அவருக்கு வருமானம். சனி இரவு கச்சேரி முடிந்து, கண் சிவந்து, சில வேளை திருவருகைப் பாடலுக்குப் பின்னும் வந்து சேர்வார். சினிமாப் பாட்டு வாசிக்கும் கை பீடத்தின் அருகே வேண்டா என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். நானும் அவரை அழைத்து, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்றேன். அவர் வாதிடவில்லை. பாடகர் குழு அலமாரியின் சாவியை மேசைமேல் வைத்து, “சரிங்க சாமி” என்று சொல்லிப் போய்விட்டார். அவருக்கு நாங்கள் அதுவரை மாத ஊதியம் என்று ஒரு ரூபாயும் கொடுத்ததில்லை. இதை அன்று நான் எண்ணவே இல்லை. அவர் அன்னை மட்டும் வழக்கமான இடத்தில் அமர்ந்து திருப்பலி கண்டுவந்தார். என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. மாற்றலாகும் நாளில் அவர்கள் இல்லம் சென்றேன். மகன் அயலூர்க் கச்சேரிக்குப் போயிருந்தார்.

கூலியைப் பிடித்தம் செய்வோரை யாக்கோபின் திருமுகம் கடிந்துரைப்பதை நாம் முதலாளிகளுக்கு எதிராக வாசிக்கிறோம். பங்கு அலுவலகத்திலும் ஒருமுறை அதை வாசிக்கலாம். பாடகர் குழுவுக்கு இசைப்போர்க்கு நியாயமான ஊதியம், அவர் தொழிலுக்கு இடையூறில்லாத பயிற்சி நேரம், திருநாள் மலரில் கொடையாளர் பெயரோடு அவர் பெயரும், சிறுவர்க்கு இசைக்குறிப்பு கற்பிக்க ஓர் ஆசான்: இவை பெருஞ்செலவுக் காரியங்கள் அல்ல. பொத்தானை அழுத்தியதும் தானே தாளமிடும் கருவியை வாங்கிவைத்துப் பாடகர் குழுவை வளர்ப்பதாக எண்ணும் நமக்கு, ‘மெஸ்த்ரே’ மரபு கூறும் பாடம் இதுவே.

137ஆம் திருப்பாடலில், பாபிலோனின் ஆறுகளருகே அமர்ந்த அடிமைகள் யாழ்களை மரங்களில் தொங்கவிடுகின்றனர். அயல் மண்ணில் பாடு என்று கேட்டவர்க்கு அவர்கள் பாடவில்லை. பம்பாய் வந்த கறுப்பின இசைஞர்க்கும் கோவா இளைஞர்க்கும் அந்த மறுப்பு இயலவில்லை. ஊரில் காத்திருந்த குடும்பங்களுக்காக அவர்கள் யாழை மரத்திலிருந்து எடுத்து வாசித்தார்கள். வாசித்து முடித்த பின்னிரவில், விடுதியின் சிறு பீடத்தின்முன் சிலுவை அடையாளம் வரைந்து உறங்கினார்கள். அந்தச் செபத்தைக் கேட்டவர், அதற்கு முன் ஒலித்த இசையையும் கேட்டிருப்பார் என்றே நான் நம்புகிறேன்.